நான்காவது கட்டத்தில் காரணம்

வைஃபை வரவில்லை என்று புகார் வந்தால், பத்தில் எட்டு வீட்டில் கோளாறு ரூட்டரில் இருக்காது மேடம். லேப்டாப்பில் இருக்கும், அல்லது லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கும். பத்தொன்பது வருடமாக இன்டர்நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று நான் எத்தனை லட்சம் தடவை சொல்லியிருப்பேனோ. பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். மீதிப் பேர் திட்டுவார்கள். திட்டு வாங்குவதும் அந்த வேலையில் சேர்த்திதான்.

இதோ, உங்கள் திரையில்கூட அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் வேண்டுமானால் பார்க்கட்டுமா? சரி, வேண்டாம். நீங்கள் எழுதுங்கள்.

இந்த நோட்டை நீங்கள் கேட்டு வாங்கவில்லை, நானாகக் கொண்டுவந்து கொடுத்தேன் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நேற்று வீட்டுக்கு வந்து மொட்டைமாடி ஏணியைப் பார்த்துவிட்டு, 'வீட்டில் இருந்தவரின் கவனிப்பு இல்லாததால்' என்று எழுதினீர்கள். எதிரே நின்று தலைகீழாகப் படித்தேன். எனக்குச் சுருக்கென்றது. கவனிப்பு இல்லையா? என் தங்கையை நான் கவனித்ததுபோல் இந்த ஊரில் யார் யாரைக் கவனித்திருப்பார்கள்? இரவு முழுக்க அந்த ஒரு வரியையே நினைத்துப் புரண்டுவிட்டு, காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு நேராக இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அறுபத்தொரு புகார். ஒவ்வொன்றுக்கும் தீர்வு எழுதியிருக்கிறேன். இதற்குப் பெயர் கவனிப்பு இல்லையென்றால் வேறு எதற்கு?

ஐந்து கட்டம் இருக்கிறது பாருங்கள். நாள், நேரம், புகார், காரணம், தீர்வு. எங்கள் ஆபீஸில் எல்லா அழைப்புக்கும் இப்படித்தான் எழுதவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த சூப்பர்வைசர் அம்மா ரொம்பக் கறார். "காரணத்துல மட்டும் பொய் எழுதாதீங்கடி. எழுதினா, அடுத்து வர்றவ அதே கோளாறை முதல்லேருந்து தேடணும்" என்பார். அது எனக்குள் அப்படியே ஊறிவிட்டது. வாயால் பொய் சொல்லியிருக்கிறேன், யார்தான் சொல்லவில்லை. நான்காவது கட்டத்தில் மட்டும் சொன்னது கிடையாது.

அம்மா போகும்போது தங்கைக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தொன்று. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவளை நான் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தொன்பது வயதில் அப்படிக் கூப்பிட்டால் அவளுக்கு எரிச்சல் வரும், இருந்தாலும் வாயில் அதுதான் வருகிறது. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இவளை எங்கே விடுவது என்று தள்ளிப்போட்டேன். பிறகு பேச்சு வருவதே நின்றுவிட்டது. அதற்காக ஒருநாளும் அவளைக் குத்திக்காட்டியதில்லை. ஓரிரண்டு தடவை காட்டியிருப்பேன்.

சின்ன வயதில் வாய் ஓயாது அவளுக்கு. அக்கா, ஷூ கயிறு அவிழ்ந்துபோச்சு. அக்கா, கணக்கு வரலை. அக்கா, பல்லி. ஒரு நாளைக்கு நூறு அக்கா. ஆபீஸில் ஊர்ப்பட்ட ஜனம் என்னைக் கூப்பிட்டுக் காதைத் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தால் இவள் வேறு. "கொஞ்ச நேரம் சும்மா இரேண்டி" என்று நானே கத்தியிருக்கிறேன். சொன்ன பேச்சைக் கேட்டு ஒருநாள் சும்மா ஆகிவிட்டாள். படித்தாள், கட்டட வரைபடம் போடும் வேலை கிடைத்தது, வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "ம்". "தலை வலிக்குதா?" என்றாலும் "ம்". அப்புறம் எனக்கும் வீட்டிலிருந்தே வேலை என்றாகிவிட்டது. ஒரு வீட்டில் இரண்டே பேர், நாளெல்லாம் எனக்குக் கிடைத்தது நாலைந்து 'ம்'.

போன வருடம் மழைக்காலத்தில் முதல் புகார். அது நிஜமான கோளாறு, முதல் வரியில் இருக்கிறது, பாருங்கள். திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "அக்கா, நெட் போயிடுச்சுக்கா. பத்து நிமிஷத்துல மீட்டிங். கொஞ்சம் வந்து பாரேன்." போய்ப் பார்த்தேன், ரூட்டருக்குப் பின்னால் ஒயர் லூஸாக இருந்தது. அழுத்திவிட்டேன், வந்துவிட்டது. பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லேன்னா இன்னிக்கு நான் செத்தேன்கா" என்றாள். அன்றைக்கு மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், மேனேஜர் மூக்கால் பேசுவதுபோல் பேசிக்காட்டிச் சிரிக்கவைத்தாள். காரணம்: ஒயர் லூஸ். தீர்வு: இரண்டு நிமிடம்.

அப்புறம் மூன்று வாரம் காத்திருந்தேன் மேடம். ஒரு கோளாறும் வரவில்லை. அந்த ரூட்டரை அலசி ஆராய்ந்து வாங்கியதே நான்தான், அது லேசில் கெட்டுப்போகாது. எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது.

எப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ரூட்டருக்கென்று ஒரு பக்கம் உண்டு, அதன் பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருக்கிறது. என் அறையில் இருந்தபடியே என் லேப்டாப்பில் திறக்கலாம். வீட்டில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். அவள் லேப்டாப்புக்கு நேரே ஒரு டிக் போட்டால் அவளுக்கு மட்டும் நெட் நின்றுவிடும். சிக்னல் கோடெல்லாம் முழுசாகத்தான் காட்டும். உள்ளே ஒன்றும் வராது. அதுதான் ஆளைப் பைத்தியமாக அடிக்கிற வகை. கோடே இல்லையென்றால் மனது விட்டுவிடும், கோடு இருந்தால் விடாது.

"கோடு ஃபுல்லா இருக்குக்கா, ஆனா ஒரு மண்ணும் திறக்க மாட்டேங்குது."

"பதறாதே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினியா?"

"ரெண்டு தடவை பண்ணிட்டேன்."

"முப்பது எண்ணினியா நடுவுல?"

எண்ணியிருக்க மாட்டாள். திரும்பவும் அணைத்து, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று முப்பதுவரை எண்ணுவோம். வைஃபை பெயரையே லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டு, இருபத்திரண்டு எழுத்துப் பாஸ்வேர்டை மறுபடி அடிக்கச் சொல்வேன். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வேன், அவள் அடிப்பாள். அப்புறம் ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்புவது. அப்புறம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போவது. அப்புறம் ஃப்ரிட்ஜை அணைத்துப் பார்ப்பது. எல்லாம் ஆபீஸ் வரிசைதான், ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. கடைசியில் "இரு, என் பக்கம் என்னன்னு பாத்துட்டு வரேன்" என்று அறைக்கு வந்து டிக்கை எடுப்பேன். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அங்கேயிருந்து கத்துவாள். நாற்பது நிமிடம் என்னோடு பேசியிருப்பாள்.

நீங்கள் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தக் காரணங்கள் எல்லாம் என் கையெழுத்துதான். 'காலையிலிருந்து பேசவில்லை.' 'சாப்பிட இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை.' 'ஃபோனில் யாருடனோ சிரித்தாள், யார் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.' 'பிறந்தநாளை மறந்தாள்.' அது என் பிறந்தநாள். முப்பத்தெட்டாவது வரியில் 'சும்மா' என்று இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று காலையில் இருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சும்மா என்றால் சும்மாதான் மேடம். அன்றைக்கு ஒன்றும் இல்லை, எனக்குப் போரடித்தது.

மீட்டிங்கில் பாதியில் காணாமல் போகிறாள் என்று அவள் கம்பெனியில் இரண்டு தடவை எச்சரித்தார்கள், மூன்றாவது தடவை நிறுத்திவிட்டார்கள். வேறு வேலை தேடினாள். மூன்று இன்டர்வியூ, மூன்றிலும் வாயைத் திறந்து பேசிக்கொண்டிருக்கும்போதே நெட் நின்றது. லேப்டாப்பை மாற்றலாம் என்று தோழியிடம் ஒன்றை இரவல் வாங்கிவந்தாள். அதுவும் அந்த வரிசையில் பெயர் காட்டத்தான் செய்தது. "என் கை பட்டாலே எல்லாம் கெட்டுப்போகுதுக்கா. உனக்கு வருது, எனக்கு மட்டும் வரலை. என் ராசியே அப்படி" என்று என் மடியில் தலையை வைத்து அழுதாள். மடியில் படுத்து எத்தனை வருடம் ஆகியிருந்தது தெரியுமா? முடியைக் கோதிக்கொடுத்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே வந்தது.

நாற்பத்தேழாவது வரி கொஞ்சம் பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். அந்த வாரம் அவள் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். என்னிடம் சொல்லவில்லை, பெருக்கும்போது துடைப்பத்தில் தட்டியது. வேறு ஊரில் வேலை தேடுகிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு வயிறெரிந்தது மேடம், இல்லை என்று சொல்லமாட்டேன். மறுநாள் நெட் நின்றபோது, "லேப்டாப்ல இருக்கறதை அடியோட அழிச்சுட்டு புதுசா போட்டாத்தான் சரிப்படும்" என்றேன்.

"என் படமெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டியாக்கா?"

"வெச்சுட்டேன்."

எடுத்து வைக்கவில்லை. நான்கு வருடமாக அவள் போட்ட வரைபடங்கள், வேலை கேட்டுப் போகிற இடத்திலெல்லாம் காட்டவேண்டியவை, எல்லாம் போய்விட்டன. பென் டிரைவில் சரியாக ஏறவில்லை போலிருக்கிறது என்றேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "விடுக்கா. நீ வேணும்னேவா பண்ணினே" என்றாள். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லையே. அதனால் நான் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டிக் போடுவேன், நெட் நிற்கும், உள்ளே பட்பட்டென்று ஏதோ செய்யும் சத்தம் கேட்கும், என் பெயர் வராது. அரைமணி நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு நானாக டிக்கை எடுப்பேன். என்னுடைய நேரம்தான் வீண். அவள் பாட்டுக்கு நெட்டே தேவைப்படாதபடி நாலு மாதம் உட்கார்ந்து, நினைவிலிருந்தே அத்தனை படத்தையும் திரும்பப் போட்டுவிட்டாள். பிடிவாதம் அப்படி. போட்டதை அனுப்பி, வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் கடைசிச் சுற்றுவரை வந்துவிட்டாள். அது கிடைத்தால் இருபது நாளில் கிளம்பவேண்டும் என்று சமையலறையில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

இன்னொன்றும் சொன்னாள். "இன்டர்வியூக்கு மறுநாள் உங்க கம்பெனிலேருந்து ஒருத்தர் வந்து ரூட்டரைப் பாக்கறேன்னாரு. நான் முந்தியே வரச் சொன்னேன், அவருக்கு நேரம் இல்லையாம்."

"நான் எதுக்கு இருக்கேன் இங்க?"

"உனக்கு எதுக்குக்கா சிரமம்."

சிரமமாம். பத்தொன்பது வருடம் இதையே தொழிலாகச் செய்கிறவள் வீட்டுக்கு வெளியாள் வந்து ரூட்டர் பார்க்கப்போகிறான். அதுவும் எங்கள் கம்பெனி ஆள். ஆபீஸில் என் மானம் கப்பலேறிவிடும்.

இன்டர்வியூ பத்தரைக்கு. பத்து இருபதுக்கு டிக் போட்டேன், லேப்டாப், ஃபோன் இரண்டுக்கும். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரூட்டரை அணைக்கும் சத்தம் கேட்டது. முப்பது எண்ணினாள். பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள். நாற்காலி ஜன்னல் பக்கம் இழுபட்டது. லேப்டாப்போடு சமையலறைக்கு ஓடினாள், ஃப்ரிட்ஜின் சத்தம் நின்றது. நான் சொல்லிக்கொடுத்த எதையும் விடவில்லை, அதே வரிசை. என்னைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். கடைசியில் மேசையில் ஓங்கி ஓர் அடி. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை, எழுந்துபோய் அவள் எதிரில் நின்றேன்.

"நான் பாக்கட்டுமா?"

"வேண்டாம்கா, டைம் இல்லை. ஃபோன் சிக்னல்லயே பேசிடறேன். வீட்டுக்குள்ள ஒரு கோடுகூட வரலை. எங்க போனா வரும்?"

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். என் அறைக்குப் போய் ஒரு டிக்கை எடுத்திருக்கலாம், ஒரு நொடி வேலை. ஆனால் அவள் முகம் என் பக்கமே திரும்பவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "மொட்டைமாடியில தொட்டி மேல ஏறினா ஃபுல்லா வரும்" என்றேன்.

ஐம்பத்தொன்பதாவது வரியைத்தான் நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. புகார்: தொட்டி ஏணி ஆடுகிறது. காரணம்: மேலே கொக்கி கழன்றுவிட்டது. அதற்குப் பத்து நாள் முன்னால் குழாய் பார்க்க வந்த பிளம்பர் சொன்னது. "யாரையும் ஏற விடாதீங்கம்மா, சாய்ச்சுடும்" என்றார். தீர்வு என்ற இடம் காலியாக இருக்கிறது. ஆமாம், அது ஒன்றுதான் நிலுவை. அறுபத்தொன்றுக்கும் தீர்வு எழுதியிருக்கிறேன் என்று சொன்னது தப்பு, அறுபதுக்கு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

ஏணி விஷயம் மறந்துவிட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவள் படியேறிப் போகும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் விழவேண்டும் என்று நினைக்கவில்லை மேடம், அந்த அளவுக்குப் பாவி இல்லை நான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயரம் என்றால் பயம். இரண்டு படி ஏறுவாள், ஆடும், அலறியடித்துக்கொண்டு இறங்கி வருவாள், அக்கா நீயே நெட்டைப் பாத்துக்கொடு என்பாள், உடனே சரிசெய்து கொடுப்போம் என்று இருந்தேன். அந்த வேலை அவளுக்கு இவ்வளவு முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்? பயத்தையும் விழுங்கிக்கொண்டு உச்சிவரை ஏறியிருக்கிறாள்.

கடைசி வரியை நீங்களே வாய்விட்டுப் படித்தீர்கள். நேரம்: பத்து நாற்பத்திரண்டு. புகார்: அக்கா. காரணம்: ஏணி. தீர்வு: பத்து ஐம்பத்து மூன்று, ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். "இடையில பதினோரு நிமிஷம் என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டீர்கள். டாக்டரும் அதையே கேட்டார். முதுகெலும்பில் அடி, உள்ளே ரத்தக்கசிவு, கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தால் காலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டோம் என்றார்.

மறுநாள் கம்பெனி ஆள் வருகிறானே, ரூட்டரைத் திறந்தால் டிக் போட்டது அத்தனையும் நாள்வாரியாகக் கண்ணில் படும். அதை அழிக்கவேண்டியிருந்தது. அழித்தேன். நெட் வருகிறதா என்று ஒருமுறை சரிபார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் அவளுக்கு வேண்டுமல்லவா?

அதற்குப் பதினோரு நிமிடம் ஆகாது என்றுதானே பார்க்கிறீர்கள். வாஸ்தவம். நான்கு நிமிடம் போதும், எனக்குக் கை பழகிய வேலை. நான்காவது கட்டத்தில் 'ஏணி' என்று மட்டும் எழுதியதிலிருந்து எனக்கும் உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது. அது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் அறைக்கு நேர் மேலேதான் அவள் விழுந்துகிடந்த இடம், மாடிப்படி வழியாகக் குரல் நன்றாகக் கேட்கும். முதலில் "அக்கா" என்று ஒரு கத்தல். பிறகு "அக்கா, விழுந்துட்டேன்கா". பிறகு "அக்கா, கால் அசைய மாட்டேங்குது". அப்புறம் வார்த்தை குறைந்து, அக்கா, அக்கா என்று அது மட்டும். சின்னப் பிள்ளையில் கூப்பிட்டாளே, அதே குரல். நான் போய்விட்டால் நின்றுவிடும். மீதி ஏழு நிமிடமும் நான் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. குரல் நின்ற பிறகுதான் எழுந்து போனேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் நர்ஸிடம் சொன்னது கேட்டது. "அவங்களை உள்ள விடாதீங்க சிஸ்டர்." அவங்களாம். இருபத்து மூன்று வருடத்தில் அவள் என்னை மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மருந்து மயக்கத்தில் யாரோ என்று நினைத்திருப்பாள். அங்கிருந்து தோழி வீட்டுக்குப் போகப்போகிறாளாம், இனி அங்கேதானாம். போகட்டும், கோபம் எத்தனை நாளைக்கு. அந்த வீட்டிலும் ஒரு ரூட்டர் இருக்கும், அதுவும் ஒருநாள் மக்கர் பண்ணும். எழுந்து நடமாட முடியாதவள் அப்போது யாரைக் கூப்பிடுவாள், நீங்களே சொல்லுங்கள்.

கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். என்னை எங்கே உட்காரச் சொல்கிறீர்களோ அங்கே உட்காருகிறேன். ஃபோனை மட்டும் என்னிடமே விட்டுவையுங்கள் மேடம். அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததே கிடையாது.